குளவிக் கூட்டைக் கண்டவர் வாய் திறக்க வேண்டும்



வேலைத்தலத்தில் வரும் ஆபத்துகளை முன்கூட்டியே அறிந்து தடுப்பது எப்படி என்பதை இந்த இதழில் ஒரு பாடமாகப் படிப்போம். "இதெல்லாம் துரைமார் படிக்க வேண்டிய பாடம், நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். மலையில் நிற்பது நாம்தான், கொட்டு வாங்குவதும் நாம்தான். ஆகவே முதலில் படிக்க வேண்டியவர்களும் நாமே.

பாடத்துக்கு முன் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் நடந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம், எந்தத் தோட்டத்திலும் நடக்கக் கூடியதுதான்.

ஒரு மலையின் ஓரத்தில் உயரமான மரம் ஒன்று. அதன் கிளையில் பெரிய கூடு கட்டியிருந்தது. முதலில் கண்டது கான் வெட்டப் போன ஆட்கள். பிறகு புல் வெட்டியவர்கள் கண்டார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் லயத்துக்கு வந்து, "அங்கே ஒரு கூடு தொங்குது, பார்த்தாலே பயமா இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைக் காம்பராவுக்குப் போன ஒரு நாள் அது என் காதிலும் விழுந்தது. "யாராவது ஆபீசில் சொல்லியிருப்பார்கள்" என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணியளவில் ஒரு பருந்து வந்து கூட்டைத் தட்டியது. கீழே நிரை பிடித்து நின்ற பெண்கள் மேல் மொத்தமாக இறங்கிவிட்டது. பதினொரு பேர் வைத்தியசாலைக்குப் போனார்கள், பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். வராத அந்த அக்கா ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது.

சாவு வீட்டில் அவருடைய மகள் என்னிடம் கேட்டாள்: "ஐயா, அந்தக் கூடு இருக்கிறது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

தெரியாமல் வந்த ஆபத்து அல்ல அது. கங்காணிக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்த ஒருவரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. இந்தப் பாடம் அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆபத்து வேறு, அபாயம் வேறு

இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாகவே பேசுகிறோம். பாடத்துக்காகப் பிரித்துப் பார்ப்போம்.

கேடு செய்யக் கூடிய பொருள் அல்லது நிலைமை ஆபத்து. மரத்தில் தொங்கும் கூடு ஓர் ஆபத்து. மூடி இல்லாமல் ஓடும் பெல்ட், மழையில் பாசி பிடித்த படி, மருந்துக் கலன் ஆகியவையும் ஆபத்துகளே.

அந்த ஆபத்து ஒருவரைத் தொடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, தொட்டால் எவ்வளவு கேடு என்ற கணக்குத்தான் அபாயம். ஆற்றுக்கு அப்பால், ஆள் போகாத காட்டில் தொங்கும் கூடும் ஆபத்துதான், ஆனால் அபாயம் குறைவு. அதே கூடு நாற்பது பேர் கொழுந்து எடுக்கும் மலையில் இருந்தால் அபாயம் மிகப் பெரியது.

ஆபத்தை எப்போதும் முற்றாக ஒழிக்க முடியாது. மலையைச் சமமாக்க முடியுமா, மழையை நிறுத்த முடியுமா? ஆனால் அபாயத்தைக் குறைக்க முடியும். அது மனிதர் கையில் இருக்கிறது.

2. அளந்து பார்ப்பது எப்படி?

படித்த கணக்கு எதுவும் வேண்டாம். இரண்டு கேள்வி போதும்.

ஒன்று: இது நடக்க எவ்வளவு வாய்ப்பு? அபூர்வம் என்றால் 1, சில வேளை என்றால் 2, அடிக்கடி என்றால் 3.

இரண்டு: நடந்தால் எவ்வளவு கேடு? சின்னக் காயம் என்றால் 1, சில நாள் வேலைக்குப் போக முடியாது என்றால் 2, உயிரோ உறுப்போ போகும் என்றால் 3.

இரண்டையும் பெருக்குங்கள். அட்டை கடிப்பது அடிக்கடி நடக்கும், கேடு சிறியது: மூன்றை ஒன்றால் பெருக்கினால் 3. வழுக்கி விழுவது அடிக்கடி, கேடு நடுத்தரம்: 6. நிரைக்கு மேலே கூடு இருந்தால் வாய்ப்பு 2, கேடு 3: அதுவும் 6. ஸ்டோரில் மூடி கழற்றிய மெஷினில் ஆள் கை வைத்துத் துப்புரவு செய்கிறார் என்றால், வாய்ப்பு அபூர்வம் என்று 1 போட்டாலும் கேடு 3.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அட்டைக்கும் மெஷினுக்கும் ஒரே 3 வந்திருக்கிறது. அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா? கேட்டின் பக்கத்தில் 3 விழுந்தால், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை முதலில் கவனிக்க வேண்டும். "இத்தனை வருஷமா ஒண்ணும் நடக்கலையே" என்பது கணக்கு அல்ல. அந்த அக்காவும் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்காமல்தான் கொழுந்து எடுத்தார்.

3. தடுப்பதற்கு ஐந்து படிகள்

உலகம் முழுவதும் தொழில் பாதுகாப்புத் துறையினர் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறார்கள். மேல் படிதான் பலமானது. கீழே இறங்க இறங்கப் பலம் குறையும்.

முதல் படி, அகற்றுவது. கூட்டை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுவது. இதைப் பழகியவர்கள், தகுந்த உடுப்புடன், இருட்டிய பிறகு செய்ய வேண்டும். இளைஞர்கள் கல்லெறிந்தோ பந்தம் கொளுத்தியோ கலைக்கப் போவது புது ஆபத்தை உண்டாக்கும்.

இரண்டாம் படி, மாற்றுவது. ஆபத்தானதற்குப் பதில் ஆபத்துக் குறைந்ததைப் பயன்படுத்துவது. களைநாசினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மலையெல்லாம் அடித்த பரகுவாட் மருந்து குடித்தவரைக் காப்பாற்றுவது மிகக் கடினம். 2008க்கும் 2011க்கும் இடையில் அது நம் நாட்டில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. நாடு எடுத்த அந்த ஒரு முடிவு, ஆயிரம் அறிவுரை செய்யாததைச் செய்தது.

மூன்றாம் படி, இடையில் தடுப்பு வைப்பது. மெஷினுக்கு மூடி, படிக்குக் கைபிடி, கானுக்கு மேல் பாலம் போன்றவை.

நான்காம் படி, ஒழுங்கு முறை. கூடு உள்ள மலைக்கு ஆள் அனுப்பாமல் வேறு மலைக்கு அனுப்புவது, பிரட்டில் அறிவிப்பது, மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டுவது, கங்காணியிடம் விசில் இருப்பது.

ஐந்தாம் படி, உடம்புக்குக் காப்பு. கையுறை, பூட்ஸ், முகமூடி, மழைக்கோட்டு.

நம்மிடம் உள்ள பெரிய பிழை, ஐந்தாம் படியிலிருந்து தொடங்குவது. "கையுறை கொடுத்தாச்சு, இனி அவங்க பொறுப்பு" என்று நிர்வாகம் சொல்லக் கூடாது. "கையுறை தரலை, அதனாலதான்" என்று நாமும் அதோடு நிற்கக் கூடாது. முதல் படியில் ஏதாவது செய்ய முடியுமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

4. குளவியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்

தோட்டங்களில் நாம் குளவி என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. உயர்ந்த மரக்கிளையிலும் பாறைக்கு அடியிலும் ஒரே ஓர் அடையாகப் பெரிய கூடு தொங்கவிடுவது உண்மையில் பெருந்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். மற்றது நிஜக் குளவி. அது மரத்திலும் புதரிலும், சில வேளை தேயிலைச் செடிக்குள்ளேயே உருண்டையாகக் கூடு கட்டும். செடியைக் கையால் விலக்கும்போதுதான் தெரியவரும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலில் தங்கிவிடும். அதோடு ஒட்டிய பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் வாசம் மற்றத் தேனீக்களையும் "இங்கே வா" என்று அழைக்கும். அதனால்தான் ஒன்று கொட்டியதும் நூறு வருகிறது. குளவி கொடுக்கை விடாது, ஆனால் ஒரே குளவி பல முறை கொட்டும்.

கலைந்து வரும்போது செய்ய வேண்டியவை:

கூடையைக் கழற்றி எறியுங்கள். கொழுந்து போனால் போகட்டும். முகத்தையும் வாயையும் படங்காலோ சேலையாலோ மூடிக்கொண்டு, நிற்காமல் தூரமாக ஓடுங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். அடிக்க அடிக்க இன்னும் வரும். கொழுந்து மடுவம், லயம், வாகனம் என்று கதவு மூடக் கூடிய இடத்துக்குள் போய்விடுங்கள். சரிவில் ஓடும்போது கானைப் பார்த்து ஓடுங்கள். விழுந்தவரை இழுக்கப் போகிறவர் தன் உடம்பை மூடிக்கொண்டு போக வேண்டும்.

தப்பித்த பிறகு:

கொடுக்கு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நகத்தால் வழித்தாலும் பிடுங்கினாலும் சரி, தாமதிப்பதுதான் பிழை. மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. குளிர்ந்த நீரால் கழுவி ஈரத்துணி வையுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் பூசுவது பயன் தராது.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இவை: முகம், நாக்கு, தொண்டை வீங்குதல், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடித்தல், வாந்தி, தலைசுற்று, மயக்கம். இதற்கு ஒரே ஒரு கொட்டுக்கூடப் போதும். ஒருவர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். அதற்கு உரிய மருந்து அட்ரினலின் ஊசி. அது தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். மயங்கியவரைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறுகிறவரைச் சாய்த்து உட்கார வையுங்கள். எழுப்பி நடக்க வைக்காதீர்கள்.

பல இடங்களில் கொட்டு வாங்கியவர் "எனக்கு ஒண்ணும் இல்லே" என்று சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. விஷம் சேர்ந்து ஓரிரு நாளில் சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிறுநீர் கறுத்துப் போனாலோ குறைந்தாலோ அது எச்சரிக்கை.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. ஆனால் நம் பாதைகள் தெரிந்ததுதானே? டிவிஷன் பெயர், எந்தப் பாதையால் வர வேண்டும், யார் சந்தியில் நின்று வழி காட்டுவார் என்பதையெல்லாம் இன்றே முடிவு செய்து வையுங்கள். அம்புலன்ஸ் தாமதமானால் கொழுந்து லொறி போகும் என்பதையும் நிர்வாகத்துடன் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

5. மற்ற ஆபத்துகளும் இதே வழியில்தான்

சரிவு. பெரும்பாலான காயங்கள் வழுக்கி விழுவதால் வருபவை. மழைக்காலத்துக்கு முன் பாதையில் படி வெட்டுவது, கானை மூடிய புல்லை வெட்டுவது, கல் உருளும் இடத்தைக் குறித்து வைப்பது பலன் தரும். நனைந்த கொழுந்துக்குப் பாரம் அதிகம். கூடை நிறையும்வரை காத்திராமல் இடையில் கொட்ட இடம் இருக்க வேண்டும்.

கவ்வாத்து. கத்தியைத் தீட்டும்போதும் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும்தான் அதிகம் வெட்டுகிறது. உறை வேண்டும். இருவருக்கு இடையில் இடைவெளி வேண்டும். சின்ன வெட்டுக்கும் ஏற்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்டோர். ரோலர், சல்லடை, பெல்ட் எதுவானாலும் ஓடும்போது துப்புரவு செய்யக் கூடாது. சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது, இன்னொருவர் தெரியாமல் போட்டுவிடலாம். மெயினை நிறுத்திப் பூட்டி, சாவியைத் துப்புரவு செய்பவரே வைத்திருக்க வேண்டும். முடியை முடித்துக்கொள்ளுங்கள், சேலைத் தலைப்பைச் செருகுங்கள். தேயிலைத் தூசு நெஞ்சுக்குப் போனால் இருமலும் இழுப்பும் வரும். அதனால் வாய்மூடி வேண்டும், அதற்கு முன் தூசு இழுக்கும் விசிறி ஒழுங்காக ஓட வேண்டும்.

மருந்து அடிப்பது. கலன் லேபலைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். வெற்றிலை போட்டுக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ அடிக்காதீர்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வெறும் கலனை லயத்துக்குக் கொண்டுவந்து தண்ணீர் வைப்பது, எண்ணெய் ஊற்றி வைப்பது கூடவே கூடாது. இதை நான் இன்னும் வீடுகளில் காண்கிறேன். கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் மருந்துப் பக்கமே போகக் கூடாது.

இடி மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் அதிகம். இடி கேட்டதும் மலையை விட்டு இறங்க வேண்டும். தனி மரத்தின் கீழ் ஒதுங்குவது மின்னலைத் தேடிப் போவது போன்றது.

மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆபத்து தெரிந்திருந்தது, ஆனால் மக்கள் வேறு இடத்துக்கு மாறி முடியவில்லை. குளவிக் கூட்டின் கதைதான் அங்கேயும், அளவு மட்டும் வேறு. நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று கலங்கி வருதல் அல்லது திடீரென வற்றுதல் கண்டால் விடியும்வரை காத்திருக்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

6. சட்டம் என்ன சொல்கிறது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்கும் பொருந்தும். மெஷினுக்கு மூடி போடுவது நிர்வாகத்தின் கடமை. உயிர் போன விபத்தையும், மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் செய்த விபத்தையும் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் ஸ்டோருக்குத்தான். மலையில் நிற்கும் பெரும்பாலானோருக்கு அது எட்டாது. ஆகவே மலையில் நாமே கண்ணும் காதுமாக இருக்க வேண்டும்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்கும் மலைக்கும் பொதுவானது. வேலையின்போது, வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு உண்டு. 2022இல் செய்த திருத்தத்தின்படி நட்டஈட்டின் உச்ச எல்லை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது.

இந்த உரிமை கைக்கு வருவதற்குப் பதிவு வேண்டும். காயம் சிறிதானாலும் அன்றைக்கே கங்காணியிடமும் ஆபீசிலும் சொல்லிப் புத்தகத்தில் எழுத வையுங்கள். தேதி, நேரம், மலை நம்பர், பார்த்தவர் பெயர் இருக்க வேண்டும். வைத்தியசாலைத் துண்டை அரிசிப் பெட்டிக்குள்ளாவது பத்திரமாக வையுங்கள். வாசித்துப் பார்க்காமல் எந்தக் கடதாசியிலும் கைநாட்டு வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தலைவரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ தொழில் அலுவலகத்திலோ கேளுங்கள்.

7. சொன்னால் பேர் போய்விடுமா?

கூட்டைக் கண்டும் ஏன் சொல்லவில்லை என்று அந்தத் தோட்டத்துப் பெண்களிடம் பிறகு கேட்டேன். ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார்: "சொன்னா அந்த மலையை நிறுத்திடுவாங்க. கிலோ வராது. அரைப் பேர்தான் போடுவாங்க. யாருங்க ஐயா வாயைத் திறப்பாங்க?"

இதுதான் உண்மையான காரணம். பயம் தெரியாமல் அல்ல, சம்பளம் போகும் என்றுதான் வாய் மூடினார்கள். ஆகவே, ஆபத்தைச் சொன்னதற்காக வேறு மலைக்கு மாற்றப்பட்டவருக்கு அன்றைய பேர் குறையக் கூடாது என்று நிர்வாகமும் சங்கங்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சொன்னவரைப் பிரட்டில் கண்டிக்கக் கூடாது, பாராட்ட வேண்டும். இது இல்லாவிட்டால் மேலே எழுதிய எல்லாம் வெறும் எழுத்துத்தான். 2022 ஜூன் மாதம் சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பான வேலைத்தலத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த உரிமைக்கு நம் தோட்டத்தில் விலை அரைப் பேர் என்று ஆகிவிடக் கூடாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் ஒரு கொப்பியை வாங்கி, நூல் கட்டிக் கொழுந்து மடுவத்தில் தொங்கவிட்டோம். யார் எதைக் கண்டாலும் எழுதலாம், எழுதத் தெரியாதவர் சொன்னால் கணக்கப்பிள்ளை எழுதுவார். ஒவ்வொரு வாரமும் நிர்வாகம் அதைப் பார்த்து, என்ன செய்தோம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். முதல் மாதம் இரண்டே இரண்டு வரிதான் வந்தது. பிறகு பக்கம் பக்கமாக வந்தது. ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் பெரிய செலவு இல்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

அ. உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் இந்த வாரம் கண்ட ஓர் ஆபத்தைச் சொல்லட்டும். பாடசாலைக்குப் போகும் பிள்ளை அதை எழுதட்டும்.

ஆ. ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு, கேடு என்று எண் போட்டுப் பெருக்குங்கள். கேட்டில் 3 விழுந்ததற்குக் கீழே கோடு இடுங்கள்.

இ. கோடு இட்டதற்கு ஐந்து படிகளில் எது பொருந்தும்? மேலிருந்து தொடங்குங்கள்.

ஈ. அதை யாரிடம், எந்த நாளில் சொல்லப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

கடைசிக் கேள்விக்கு விடை எழுதாவிட்டால் முதல் மூன்றும் வீண். "யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று நான் நினைத்தது போல நீங்களும் நினைத்துவிடாதீர்கள். அந்த யாராவது நீங்களாக இருங்கள்.